காலியாகக் கிடக்கும் இடம்

அன்புள்ள ஐயா,

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் கிராஃபிக் டிசைன் அறிமுகம் என்று ஒரு பாடம் இருக்கிறது. சமநிலை, முரண், அண்மை, படிநிலை, வெற்றிடம் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். தேர்வில் எழுதிவிடுகிறேன். ஆனால் ஒரு நோட்டீஸ் செய்ய உட்கார்ந்தால் இதில் எதுவும் கைகொடுப்பதில்லை.

துறை விழாவுக்கு நான் செய்த நோட்டீஸை இணைத்திருக்கிறேன். முதலில் நிறைய இடம் விட்டுத்தான் செய்தேன். விழாக் குழுவில் ‘இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே, எதையாவது போடு’ என்றார்கள். போட்டேன். பாடம் எடுக்கும் ஆசிரியர் நெரிசலாக இருக்கிறது என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், வெற்றிடம் என்பதெல்லாம் மேற்கத்திய ரசனை. நம் கோபுரத்தைப் பாருங்கள், விரல் வைக்க இடம் இருக்கிறதா? நமது நிறைவின் அழகியல். இந்த விதிகளை நாம் ஏன் படிக்க வேண்டும்? எந்த மென்பொருளை முதலில் கற்கலாம், ஏஐ வந்தபின் இந்தத் துறையில் வேலை இருக்குமா என்பதையும் சொல்லுங்கள்.

கி.

அன்புள்ள கி.,

மென்பொருள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எது இருக்கிறதோ அதைப் பழகுங்கள். ஒன்றில் கை பழகினால் மற்றது தானாக வரும். ஏஐ பற்றி இரண்டாம் ஆண்டிலேயே கவலைப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு வரி. ‘இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே.’ உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் இதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அம்மாவை ஸ்கேன் எடுக்க ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனால், ஒரு திருப்பத்தில் பலகை தொங்கியது. மேல் வரியில் ‘ஸ்கேன்’. கீழ் வரியில் ‘ரத்தப் பரிசோதனை’. இடது பக்கம் காட்டும் அம்புக்குறி ஒன்று, இரண்டு வரிகளுக்கும் நடுவில், சரிபாதி தூரத்தில் இருந்தது. இடது பக்கம் திரும்பினோம். நீளமான நடைவழி. கடைசியில் ஒரு வரிசை. இருபது நிமிடம் நின்ற பிறகுதான் தெரிந்தது, அது ரத்தம் எடுக்கும் இடம், ஸ்கேனுக்கு நேராகப் போயிருக்க வேண்டும் என்று. அம்புக்குறி கீழ் வரிக்கு மட்டும் உரியதாம்.

திரும்பி வரும்போது அம்மா அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “எனக்குத்தான் கண்ணு மங்கிடுச்சு போலப்பா, சரியாப் படிக்கல” என்றார். தினமும் காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். பலகை செய்தவர் செய்த தப்புக்கு எண்பது வயதில் தன் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்தப் பலகையில் என்ன குறை? எழுத்து பெரிது. நிறம் தெளிவு. அம்புக்குறியை இரண்டு விரல்கடை கீழே இறக்கியிருந்தால் போதும், நாங்கள் நேராகப் போயிருப்போம். நீங்கள் மனப்பாடம் செய்கிறேன் என்கிறீர்களே, ‘அண்மை’, அது இதுதான். பக்கத்தில் இருப்பதைக் கண் உறவு என்று எடுத்துக்கொள்கிறது. தள்ளி இருப்பதை வேறு என்று எடுத்துக்கொள்கிறது. நடுவில் இருந்தால் இரண்டுக்கும் பொது என்று எடுத்துக்கொள்ளும். இதை யாரும் கண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1923-ல் எழுதிய கட்டுரையின் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜன்னலோரம் நிற்கிறேன், ஒரு வீடு, மரங்கள், வானம் தெரிகின்றன என்று ஆரம்பிக்கிறார். கணக்குப்படி பார்த்தால் 327 ஒளிச் சாயல்கள் இருக்கின்றன என்று சொல்லலாம், ஆனால் நான் 327-ஐயா பார்க்கிறேன், வானத்தையும் வீட்டையும் மரத்தையும் அல்லவா பார்க்கிறேன் என்கிறார். அப்புறம் புள்ளிகளை வரிசையாக வைத்துக் காட்டுகிறார். இப்படி:

•• •• •• ••

இதை எட்டுப் புள்ளி என்று யாரும் பார்ப்பதில்லை. நான்கு ஜோடி என்றுதான் பார்க்கிறோம். ஜோடி சேர்த்தது எது? புள்ளிகள் எட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நடுவில் விட்ட இடம்தான் சேர்க்கிறது, பிரிக்கிறது. அந்த இடத்தைத்தான் உங்கள் விழாக் குழு காலியாகக் கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறது.

இனி உங்கள் ‘மேற்கத்திய ரசனை’க்கு வருகிறேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லப்போகிறேன். கோபுரத்தை நீங்கள் பார்க்கவில்லை. மதுரையிலேயே இருந்துகொண்டு பார்க்கவில்லை. நாளைக் காலையில் சித்திரை வீதியில் போய் நில்லுங்கள். கீழே கல்லால் கட்டிய பகுதி எவ்வளவு அடக்கமாக இருக்கிறது, சுதைச் சிற்பங்கள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் நடுவில் ஒரு வாசல் திறந்திருக்கும். அத்தனை நெரிசலுக்கு நடுவே கண் ஏறிப்போக அந்த வாசல்கள்தான் படி. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு பொம்மைகூடத் தெரியாது. வானத்தின் முன்னால் ஒரு வடிவம் மட்டும் தெரியும். சுற்றியுள்ள வெறும் வானம் இல்லாமல் அது கோபுரமாக நிற்காது. வெளியூர்க்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கோபுரத்தை வைத்துத்தான் திசை பிடிக்கிறார்.

வாசலில் கோலம் போடுகிறவர்களைக் கேளுங்கள். முதலில் பெருக்கித் தண்ணீர் தெளித்து வெறுந்தரை ஆக்குவார்கள். அடுத்தது புள்ளி. புள்ளிக்குப் புள்ளி இடைவெளி பிசகினால் கம்பி வளையாது. ஓலைச்சுவடியைப் பார்த்திருக்கிறீர்களா? கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எழுதாமல் விட்டிருப்பார்கள், கயிறு உரசி எழுத்து அழியக் கூடாதென்று. இவர்கள் யாரும் வெற்றிடம் என்ற பாடத்தைப் படித்தவர்கள் இல்லை.

அடைத்து எழுதும் பழக்கம் நம்மிடம் இருந்ததும் உண்மைதான். சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடமாட்டார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைப்பதில்லை, எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் சுவடியைப் புத்தகமாக்கியபோது சொல்லைப் பிரிப்பதற்கே பாடுபட்டார்கள். இன்று நாம் தமிழை ஓட்டமாக வாசிப்பதற்குக் காரணம் சொல்லுக்குச் சொல் நடுவே வந்த அந்தச் சின்ன வெள்ளை. அச்சு வந்த பிறகும் நெருக்கம் உடனே போகவில்லை. 1713-ல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன. அப்படியே அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது என்று இங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். ஓலையையும் காகிதத்தையும் மிச்சம் பிடிக்கச் செய்ததை நீங்கள் அழகியல் என்கிறீர்கள். தம்பி, உங்கள் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் போகப்போகிறது. அங்கே எந்தக் காகிதத்தை மிச்சம் பிடிக்கிறீர்கள்?

மேற்கிலும் இதை யாரும் சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. லண்டன் பாதாள ரயிலில் வரைவாளராக வேலை பார்த்த ஹாரி பெக், 1931-ல் ஒரு ரயில் வரைபடம் போட்டார். நிஜ தூரத்தை விட்டுவிட்டு, நெருக்கமான நடு ஊர் நிலையங்களை விரித்து, தொலைவில் உள்ளவற்றைக் கிட்டே இழுத்து, நேர்கோடும் சாய்கோடுமாக வரைந்தார். முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1933-ல் அச்சாகி வந்ததும் மக்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் செய்ததும் இடைவெளியைச் சரிசெய்த வேலைதான்.

சரி, உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்க வாய்ப்பில்லாத ஒன்றைச் சொல்கிறேன். இதைக் கவனமாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, அதாவது கேப்பிட்டல், என்று ஒன்று இருக்கிறது. தலைப்பு எது, பெயர் எது என்று அதுவே பாதி சொல்லிவிடும். தமிழில் அது கிடையாது. நமக்கு அளவும் கனமும் இடைவெளியும்தான் உண்டு. அதனால் ஆங்கிலத்தில் வடிவமைப்பவரைவிடத் தமிழில் வடிவமைப்பவர் இடைவெளியை இரண்டு மடங்கு நம்பவேண்டியிருக்கிறது. நடப்பதோ தலைகீழ். முதலில் ஆங்கிலத்தில் செய்துவிட்டு, அதே கட்டத்துக்குள் தமிழைக் கொண்டுவந்து திணிக்கிறார்கள். ‘எக்ஸிட்’ உட்கார்ந்த இடத்தில் ‘வெளியேறும் வழி’ எப்படி உட்காரும்? இருபக்கமும் அமுக்கிப் பிதுக்குகிறார்கள்.

வரிக்கு வரி இடைவெளியும் அப்படித்தான். தமிழில் மேலே புள்ளி, ‘கி’, ‘கீ’யில் வரும் விசிறி எல்லாம் இருக்கின்றன. கீழே ழ, ஞ, ற எல்லாம் காலை நீட்டுகின்றன, து, நூ வளைகின்றன. மேல் வரியில் ‘ஊஞ்சலும் கூழும்’ என்று இருந்து, கீழ் வரியில் ‘மீன்’ வந்தால், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் மேல் வரி ஞகரத்தின் கால் கீழ் வரி விசிறியில் இடிக்கும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி அதைவிட மோசம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் கம்பீரமாக இருக்கும். தமிழில் அதையே செய்தால் ‘கொ’ மூன்று துண்டாகிவிடும், முன்னால் ஒரு கொம்பு, நடுவில் ஒரு க, பின்னால் ஒரு கால். கொம்பு முந்திய எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டதுபோலத் தெரியும். மருத்துவமனை அம்புக்குறிக்கு நேர்ந்த அதே கதி. உங்கள் நோட்டீஸில் ‘போட்டிகள்’ என்ற தலைப்புக்கு இதைத்தான் செய்திருக்கிறீர்கள். நான் இரண்டாம் முறை பார்த்துத்தான் படித்தேன்.

இதெல்லாம் எனக்குக் கல்லூரியில் வந்த அறிவு இல்லை. என் தாய்மாமா போர்டு எழுதுகிறவர். பள்ளிக்கூட லீவில் அவருடன் போவேன், பிரஷ் கழுவ, ஏணி பிடிக்க. சுவரில் நூல் அடிப்பதற்கு நீலப்பொடி தடவிய நூலின் ஒரு முனையை நான் பிடிப்பேன். அவர் மறுமுனையை இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிடுவார். ஒரு நேர்கோடு விழும். பெயிண்ட் டப்பாவைத் திறக்குமுன் ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்க்கடை வாசலில் நின்று பார்ப்பார். என்னையும் நிற்கச் சொல்வார். “இங்கேருந்து படிக்கிறவனுக்குத்தான்டா எழுதுறோம்” என்பார். எழுத்துகளை எண்ணி, நடு எழுத்திலிருந்து எழுத ஆரம்பிப்பார். நான்கு பக்கமும் ஒரு சாண் இடம் விடாமல் எழுதவே மாட்டார்.

ஒருமுறை ஒரு அரிசிக்கடை அண்ணாச்சி, உங்கள் விழாக் குழு சொன்னதையே சொன்னார். “ஏம்ப்பா, இவ்ளோ இடம் சும்மா கெடக்கே. புளி, வெல்லம், எண்ணெய்னு அதுல எழுதிவிடேன்.” மாமா மறுத்துப் பேசவில்லை. “எழுதிடலாம் அண்ணாச்சி. ஆனா பஸ்ல போறவன் ஒரே ஒரு சொல்லுதான் படிப்பான். எந்தச் சொல்லு படிக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க” என்றார். அண்ணாச்சி சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், “அரிசிதான்” என்றார். அந்தச் சுவரில் அரிசி மட்டும்தான் எழுதினோம். பல வருஷம் அந்த ஸ்டாப்பிங்குக்கே அரிசிக்கடை என்றுதான் கண்டக்டர்கள் டிக்கெட் கொடுத்தார்கள்.

நீங்கள் விழாக் குழுவிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டீர்களா? கேட்கவில்லை. அவர்கள் சொன்னதும் நிரப்பிவிட்டீர்கள், ஆசிரியர் குறை சொன்னதும் அதற்கு ஒரு தத்துவம் தேடிவிட்டீர்கள். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் முதலில் இடம் விட்டுச் செய்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதற்காக நீங்கள் பேசவில்லை.

உங்கள் நோட்டீஸைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மேலே மூன்று லோகோ, நடுவில் சிறப்பு விருந்தினர் படம், சுற்றிலும் பூ பார்டர். தேதி இடது மூலையில் மேலே இருக்கிறது. காலை 10 மணி என்பது வலது மூலையில் கீழே, தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில். முதலில் அது அலுவலகத்துக்குப் பேசவேண்டிய நேரம் என்று நினைத்துவிட்டேன். இடம் எங்கே என்று தேடினால் பார்டரை ஒட்டி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி. எதுவும் எதோடும் சேரவில்லை.

பூ பார்டரை எடுத்துவிடுங்கள். ‘போட்டிகள்’ தலைப்பில் தள்ளி வைத்த எழுத்துகளைப் பழையபடி சேருங்கள். தேதி, நேரம், இடம் மூன்றையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வையுங்கள், அவற்றைச் சுற்றி ஒன்றும் வைக்காதீர்கள். அதைப் பிரிண்ட் எடுத்துத் துறை வாசலில் ஒட்டிவிட்டு, படிக்கட்டுப் பக்கம் போய் நின்று பாருங்கள். எந்தச் சொல் முதலில் தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.