பின்னால் ஒரு வண்டி: கேள்வி – பதில்

சித்திரை, வைகாசி வந்தால் எனக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிடும். மைலேஜ், டயர் சந்தேகமெல்லாம் குறைந்து, வீடு மாற்றுகிறவர்கள் எழுத ஆரம்பிப்பார்கள். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல், ஒரு வண்டியை இன்னொரு வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போவது பற்றித்தான். சங்ககிரியில் முப்பது வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் ஆச்சே, தாராளமாகக் கட்டு என்று சொல்லிவிடுவான் என நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கேள்வி: பெங்களூரில் மகன் வீட்டில் எங்கள் பழைய மாருதி 800 நான்கு வருடமாக ஓடாமல் நிற்கிறது. இன்ஜின் ஜாம். அவன் இப்போது வீட்டைக் காலி செய்கிறான். என்னிடம் பொலிரோ இருக்கிறது. கயிறு கட்டி ஊர் வரை இழுத்து வந்துவிடலாமா? மாருதியில் என் மச்சினன் உட்கார்ந்துகொள்வான்.
– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: பொலிரோ இழுக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். மாருதி 800 மொத்தமே சுமார் 650 கிலோ. உங்கள் ஊர் ரைஸ் மில்லில் ஏற்றும் லோடுக்கு முன்னால் அது ஒரு எடையா? எனக்குக் கவலையெல்லாம் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் வரும் தொப்பூர் மலை இறக்கம்தான்.

1990களில் என்னிடம் ஒரு மெட்டடார் வேன் இருந்தது. தருமபுரியில் பங்காளி ஒருவரின் அம்பாசடர் கிளட்ச் போய் நின்றுவிட, நைலான் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினோம். சமதரையில் ஒரு குறையும் இல்லை. பாட்டுக்கூடப் போட்டிருந்தேன். தொப்பூரில் இறங்கும்போது முன்னால் போன லாரிக்காக லேசாகப் பிரேக்கைத் தொட்டேன். பின்னால் வந்த அம்பாசடர் தன் எடையிலேயே உருண்டு நெருங்கியது. கயிறு தொய்ந்து தரையில் விழுந்தது. அதன் முன்சக்கரம் கயிற்றின் மேல் ஏறிவிட்டது. எனக்கு எங்கே தெரியும்? லாரி நகர்ந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். படாரென்று கயிறு அறுந்து, இரும்புக் கொக்கி பறந்து வந்து வேனின் பின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கடைசி சீட்டில் விழுந்தது. அந்த சீட்டில் அன்றைக்கு இருந்தது ஒரு அரிசி மூட்டை. பங்காளி வண்டியை ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினார். அப்புறம் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

கயிறு இழுக்கத்தான் உதவும், தடுக்க உதவாது. முன் வண்டி வேகம் குறைந்தால் பின் வண்டிக்காரர்தான் தன் பிரேக்கை மிதித்துக் கயிற்றை விறைப்பாகவே வைத்திருக்க வேண்டும். அதுவும் வழி முழுக்க, ஒரு நிமிடம் விடாமல். உங்கள் மாருதியில் அந்தப் பிரேக் இருக்கிறதா? நான்கு வருடம் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரம் குடித்திருக்கும், பின் டிரம்முக்குள் துரு பிடித்திருக்கும், வீல் சிலிண்டர் ரப்பர் இறுகியிருக்கும். மிதித்தால் ஒன்று பிடிக்காது, இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டியைத் திருப்பிவிடும். இந்த வண்டிக்குள்தான் மச்சினனை உட்கார வைக்கப் போகிறீர்கள். அவருடைய அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுவோம். பழுதான வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கோ பெட்ரோல் பங்குக்கோ கொண்டு சேர்க்கத்தான் கட்டி இழுக்கும் அனுமதி. இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. பின் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டியரிங் பிடித்திருக்க வேண்டும், அதன் முதுகில் ‘ஆன் டோ’ என்று எழுதி மாட்ட வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள். பெங்களூரிலிருந்து காங்கேயம் சுமார் 300 கிலோமீட்டர். எங்கேயும் டீ குடிக்க நிற்காமல் வந்தாலும் 12 மணி நேரம். அத்தனை நேரமும் நான்கு வழிச் சாலையில் உங்களுக்குப் பின்னால் வருகிறவன் 80-ல் வருவான்.

ஆகவே லாரியில் ஏற்றுங்கள். குட்டி யானையில், அதாவது டாடா ஏஸில் ஏறாது, அதன் தொட்டி ஏழடிதான். மாருதி 800 கிட்டத்தட்ட 11 அடி. பதினான்கு அடி ஈச்சர் சரியாக இருக்கும். பெங்களூரில் லோடு இறக்கிவிட்டு ஈரோடு, திருப்பூர் பக்கம் காலியாகத் திரும்பும் வண்டிகள் உண்டு. தெரிந்த புக்கிங் ஆபீஸில் சொல்லி வைத்தால் ரிட்டன் லோடு கணக்கில் வாடகை படியும். ஏற்ற உயரமான மேடை வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மண் மேட்டில் லாரியை ரிவர்ஸில் அணைத்துப் பலகை போடுங்கள். ஏற்றியதும் ஹேண்ட் பிரேக், முதல் கியர், நான்கு சக்கரத்துக்கும் கட்டை. பட்டைக் கயிறை சக்கரத்தில் போட்டு இறுக்குங்கள். பம்பரில் போட்டால் சேலம் வருவதற்குள் பம்பர் உங்கள் கையில் இருக்கும்.

முன்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டி வேண்டுமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். மாருதி 800 முன்சக்கரத்தால் ஓடும் வண்டி என்பதால் முன்பக்கத்தைத் தூக்குவது முறைதான். ஆனால் பின்சக்கர பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்கும், டயர் வெடிப்பு விட்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால் சரி, 300-க்கு வேண்டாம்.

நடு வழியில் நின்றுபோன வண்டியை நாலைந்து கிலோமீட்டர் இழுத்தே ஆக வேண்டும் என்றால், இவ்வளவு செய்யுங்கள். இரண்டு வண்டியிலும் சேஸில், அதாவது அடிச்சட்டத்தில், இழுக்கவென்றே இருக்கும் டோ ஹூக்கில் மட்டும் கட்டுங்கள். கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைச் சுற்றுங்கள், அறுந்தால் பறக்காமல் கீழே விழும். சாவியைத் திருப்பி ஸ்டியரிங் லாக்கை விடுவியுங்கள். இன்ஜின் ஓடாதபோது பவர் பிரேக் கல் மாதிரி இருக்கும், முழு பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டும். எல்லோரும் கெட்டிக்கார டிரைவரை முன் வண்டியில் ஏற்றுவார்கள். நான் பின் வண்டியில்தான் ஏற்றுவேன்.

கேள்வி: ஃபிரண்டின் பைக் நின்றுவிட்டால் நான் என் பைக்கில் வந்தபடியே காலை வைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. அப்பா திட்டுகிறார். யார் சரி?
– கல்லூரி மாணவர், திருச்செங்கோடு

பதில்: அப்பா. ஒரு கால் அவன் வண்டியில், ஒரு காலும் இரண்டு கையும் உன் வண்டியில். பின்பிரேக்கை மிதிக்கும் வலது காலைத்தான் நீட்டியிருப்பாய் என்று வேறு தோன்றுகிறது. பஸ் ஸ்டாண்ட் அருகே போனால் பங்க்சர் கடையில் ஆள் இருப்பார் கண்ணு, உருட்டிக்கொண்டே போ.

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே வீடு மாதிரியே இருக்கும் பெரிய வண்டிக்குப் பின்னால், டிரைவரே இல்லாமல் ஒரு சின்னக் கார் நான்கு சக்கரமும் தரையில் உருள வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை நூறு மைலுக்கு மேல் இப்படித்தான் போவார்கள் என்றார். எங்களிடம் டெம்போ டிராவலரும் ஸ்விஃப்ட்டும் இருக்கின்றன. திம்பம் வழியாக மைசூர் போகும்போது நாமும் அப்படிப் போனால் என்ன?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: நல்ல கண் உங்களுக்கு அம்மணி. அவர்கள் யோசனை நமக்குப் புதிதில்லை. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் போர்வெல் போட வடநாடு கிளம்பும்போது பின்னால் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லைக் கட்டிக்கொண்டு போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லாரி ஏதோ ஒரு காட்டில் நிற்கும், அரிசி வாங்கவும் போல்ட் வாங்கவும் ஒருவன் கடைக்குப் போக வேண்டுமே. அமெரிக்காவிலும் அதே கதைதான். பெரிய வண்டியை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, ஊர் சுற்ற, கடைக்குப் போக அந்தச் சின்னக் கார்.

ஆனால் அங்கே கயிறு கிடையாது. கூம்பு வடிவில் இரண்டு இரும்புக் கைகள், டோ பார் என்பார்கள். காரின் சேஸில் அதற்கென்று ஒரு பிளேட்டை நிரந்தரமாகப் பொருத்தி அதில் மாட்டுகிறார்கள். அது கழன்றாலும் விடாமல் பிடிக்க இரண்டு சங்கிலி. முன் வண்டியின் இன்டிகேட்டரும் பிரேக் லைட்டும் காரிலும் எரிய ஒயர். இதெல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, காருக்குள் பிரேக் பெடலில் வைக்கும் ஒரு கருவி. முன்னால் ஓட்டுகிறவர் பிரேக் போட்டால் இதுவும் அமுக்கும். கார் தனியாகப் பிய்த்துக்கொண்டால் ஒரு சின்னக் கேபிள் இழுபட்டு, பிரேக் தானாகவே பிடித்துவிடும். எங்கள் பங்காளி இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருப்பார்.

எல்லாக் காரையும் இப்படி உருட்டிக்கொண்டு போகவும் முடியாது. பல ஆட்டோமேட்டிக் கார்களில் இன்ஜின் ஓடினால்தான் கியர் பாக்ஸுக்குள் ஆயில் சுற்றும். இன்ஜினை அணைத்துவிட்டு சக்கரத்தை மட்டும் உருட்டினால் உள்ளே காய்ந்து தேயும். ஜீப் ராங்லர் போன்ற வண்டிகளில், இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் தொடர்பையே துண்டிக்கலாம். அதனால்தான் அங்கே அந்த வண்டிக்கு இந்த வேலையில் மவுசு. எலெக்ட்ரிக் காரை நினைக்கவே வேண்டாம். சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் பண்ண ஆரம்பித்துவிடும், முழுதாக லாரியில் ஏற்றுவதுதான் அதற்கு வழி.

நம் ஊரில் ஓடுகிற நிலையில் உள்ள காரை இப்படிக் கட்டி இழுக்க விதியில் இடமில்லை. போலீஸ் நிறுத்துவார், அது முதல் காரணம். இரண்டாவது திம்பம். 27 கொண்டை ஊசி வளைவு. வளைவில் எதிரே லாரி வந்துவிட்டால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். டோ பாரில் மாட்டிய காரோடு ரிவர்ஸ் எடுக்கவே முடியாது. பத்தடி நகர்வதற்குள் காரின் முன்சக்கரங்கள் தம் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் ஒடிந்து கொள்ளும். அமெரிக்காவிலும் அப்படி மாட்டிக்கொண்டால் காரைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். பண்ணாரி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு மேலே ஏறுங்கள். ஸ்விஃப்ட்டை மாப்பிள்ளையோ மகனோ தனியாக ஓட்டி வரட்டும். டீசலும் பெட்ரோலும் இரண்டு செலவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: டெல்லியில் வேலை கிடைத்திருக்கிறது. ஸ்கூட்டரைக் காரின் பின்னால் ஸ்டாண்ட் வைத்துக் கட்டிக்கொண்டு போகலாமா?
– ஒரு வாசகர், பவானி

பதில்: வேண்டாங்க. நூறு கிலோ இரும்பு காரின் வாலில் தொங்கினால் முன்சக்கரம் இலகுவாகி ஸ்டியரிங் மிதக்கும், நம்பர் பிளேட்டும் மறையும். ஈரோடு ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் போடுங்கள். ஆர்.சி., ஆதார் நகல் கொண்டு போங்கள். பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் எடுத்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். சாக்கு சுற்றித் தைத்துத் தர ஸ்டேஷன் வாசலிலேயே ஆள் உண்டு. கண்ணாடியை மட்டும் நீங்களே கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் இறக்கிய பிறகு பங்க் வரை உருட்ட வேண்டியிருக்கும், அன்றைக்கு நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள்.