மருத்துவர் பதில்: “ஆய்வில் நிரூபணம்” என்றால், எந்த ஆய்வு?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இனிப்பு நீருக்கு கிளினிக்கில் மெட்ஃபார்மின் தருகிறார்கள். பாகற்காய்ச் சாறே போதும், ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சர்க்கரை இறங்கியதாம். நம்பலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். அப்புறம் மற்றதைப் பேசுவோம்.

நீங்கள் அனுப்பிய செய்தியைப் படித்தேன். அதில் சொல்லும் ஆய்வு எலிகளுக்குச் செய்தது. எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்காமல் போவது சகஜம். அக்கா சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாறு குடிக்கத் தொடங்கிய மாதமே சர்க்கரை போட்ட தே தாரிக் தேநீரையும் குறைத்திருந்தால், சர்க்கரையை இறக்கியது எது?

இதற்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. நூறாண்டுக்கு முன் மலாயாவில் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் ஆளைத் தின்றது. ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், தோட்டத்துத் தமிழர்களுக்கோ அது அரிது. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. காரணம் அரிசிதானா? வேலை வேறு, வீடு வேறு, ஊர் வேறு. எதையும் காரணமாகச் சொல்லலாம். கூட்டத்தைப் பார்த்துக் கணிக்கும் ஆய்வுகளுக்கு இன்றும் இதே சிக்கல்தான்.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குச் சயாம் பச்சரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றே. இடம்தான் நோய்க்குக் காரணமோ என்று, இடையில் இரு பிரிவையும் வார்டு மாற்றியும் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள், புழுங்கல் பக்கம் ஒருவர்கூட இல்லை. (நோயாளிகளிடம் சம்மதம் கேட்கவில்லை, இன்று அப்படிச் செய்ய முடியாது.) தயமின் (வைட்டமின் பி1) குறைந்தால் வருவதே பெரிபெரி, புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்குகிறது என்ற விளக்கமெல்லாம் பின்னால் வந்தது.

இப்போது எண்ணிப் பிரிப்பதில்லை, குலுக்கிப் பிரிக்கிறோம். அடுத்தவர் எந்தப் பக்கம் போவார் என்பது மருத்துவருக்கே தெரியக்கூடாது. அப்படிச் செய்த பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது அதற்கும் மேல்படி. பாகற்காய்க்கு 2012-இல் காக்ரேன் அமைப்பு அதைச் செய்தது: கிடைத்தவை 4 ஆய்வுகள், 479 பேர், நீண்டதே மூன்று மாதம். பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தார்கள். மெட்ஃபார்மினுக்கு 1998-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு இருக்கிறது. உடல் எடை கூடிய நீரிழிவு நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்துப் பத்தாண்டு கவனித்தார்கள். பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டை நம்பியிருந்தவர்களைவிட, மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் இறப்பு 36 விழுக்காடு குறைவு. மெஷினில் காட்டும் எண்ணை மட்டும் பார்க்காமல் உயிர் தங்கியதா என்று பார்த்தார்கள், எனக்கு அதுதான் பெரிது.

பாகற்காயைப் பிரட்டலாகத் தாராளமாகச் சாப்பிடட்டும். சாறுதான் வேண்டும் என்றால், அம்மா கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். அடுத்த முறை கிளினிக் போகும்போது மாத்திரைப் பையையும் சர்க்கரை எழுதிவைக்கும் புத்தகத்தையும் கொண்டுபோய், சாறு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.