தண்டவாளத்துக்கும் காற்றாலைக்கும் நடுவில் ஒரு வீடு

யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்து ஜெர்மனிக்குப் போய் நான்கு மாதங்களான ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் சரக்கு ரயில் பாதை. முன்னால், வயலுக்கு அப்பால், மூன்று காற்றாலைகள். கணவருக்கு இரவு வேலை. பத்து மாதக் குழந்தையோடு தனியே படுத்திருக்கும்போது அந்த இரைச்சல் நெஞ்சை அடைக்கிறதாம். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா, வீடு மாறுவதா, காலப்போக்கில் பழகிவிடுமா என்று கேட்டுவிட்டு, "ஊரில் இப்படி ஒரு சத்தமும் இல்லையே அக்கா" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, இதைக் கொண்டாவிலில் என் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். ஜெர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். இப்போது இரண்டு மாத லீவில் வந்திருக்கிறேன். இங்கே பின் வேலியில் இருந்து தண்டவாளம் நாற்பது அடி இருந்தால் அதிகம். காலையில் காங்கேசன்துறைப் பக்கமிருந்து ரயில் வரும்போது முதலில் கடவை மணி அடிக்கும், பிறகு ரயில் கூவும், பிறகு அலுமாரிக்குள் கிண்ணங்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். அக்காவின் பேரன் புரண்டுகூடப் படுப்பதில்லை. முதல் மூன்று நாளும் பதறி எழும்பி உட்கார்ந்தவள் நான்தான். ஹம் பெரிய ரயில் சந்தி. அதன் ஓரத்தில் இத்தனை வருடம் தூங்கியும், இந்தச் சத்தம் எனக்குப் புதிது.

உங்கள் ஊருக்குள்ளாலும் இதே பாதைதான் போகிறது. போரால் 1990 ஜூனில் நின்ற யாழ்தேவி ரயில் 2014 அக்டோபரில்தான் யாழ்ப்பாணம் திரும்பியது. காங்கேசன்துறை வரை பாதை திறந்தது 2015 ஜனவரியில். உங்கள் சிறு வயதில் இணுவிலில் ரயிலே இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயிருந்தன. ஆனால் நீங்கள் விமானம் ஏறும்வரை எத்தனையோ வருடம் அந்த ரயில் உங்கள் தலைமாட்டில் ஓடியிருக்கிறது. உங்களுக்கு அது சத்தமாக நினைவில் பதியவே இல்லை. அங்கேயும் பழகும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சகித்தால் பழகாது. எது, எப்போது, ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் மனம் அதைக் கைவிடும்.

என் அம்மா கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு எதிர் வயலில் காற்றாலைகள் நிறுத்தப்பட்ட பிறகு ஒரு கோடையில் அம்மா வந்தார். இரண்டாம் இரவு ஒரு மணிக்கு அவர் அறையில் ஆளில்லை. தேடினால், மாடிப்படிக்குக் கீழே குந்தியிருந்தார். மடியில் அவருடைய கைப்பை. அதற்குள் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி. ஊரில் எப்போதும் கட்டி வைத்திருந்த அதே பை. "ஹெலி சுற்றுகிறது பிள்ளை, விளக்கைப் போடாதே" என்றார். வெளியே இறக்கை ஒவ்வொன்றும் கீழிறங்கும்போது எழும் அந்த 'வூப், வூப்' அவர் காதில் போர்க்கால ஹெலிகொப்டர் சத்தமாகி 1987-க்கும் 1995-க்கும் போய்விட்டது. நான் அவர் பக்கத்திலேயே விடியும்வரை இருந்தேன்.

காலையில் அம்மாவைக் காற்றாலையின் அடிக்கே கூட்டிப்போனேன். கோபுரத்தில் உள்ளங்கையை வைத்து, அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். "இதெல்லாம் காற்றிலேதானா சுற்றுகிறது?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு தூங்கினார். ஒரு கிழமைக்குள் படுக்கையில் இருந்தபடியே காற்றுத் திசை சொல்லத் தொடங்கிவிட்டார்: "இன்றைக்குச் சோளகம் போலிருக்கிறது, சத்தம் இந்தப் பக்கம் வருகிறது." நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை வண்டிலில் வைத்துக்கொண்டு அந்த மூன்றின் அருகே போய் நின்று பாருங்கள். ஊரில் பளையில் நிற்கும் காற்றாலைகளை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், அடியில் நின்றிருக்க மாட்டீர்கள்.

இரவில் மட்டும் ஏன் இவ்வளவு கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பிரமை இல்லை. பொழுது சாய்ந்ததும் நிலத்தோடு காற்று அடங்கிவிடும். நூறு மீட்டருக்கு மேலே அது ஓடிக்கொண்டேயிருக்கும். கீழே ஓர் இலை அசையாது, மேலே இறக்கை முழு வேகத்தில் வீசும். பகலில் அதை மறைக்கும் மரச் சலசலப்பும் வாகன இரைச்சலும் அப்போது இல்லை. தவிர, தெளிந்த இரவில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே உள்ளது சூடாக இருக்கும். அப்போது ஒலி மேலே போய்த் தொலையாமல் வளைந்து கீழே இறங்கும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் போகும் ரயில் முற்றத்தில் போவது போல் இருப்பது இதனால்தான். என் சிறு வயதில் பகலில் கேட்காத நல்லூர் மணி விடியப்புறம் கொண்டாவில் வரை வரும்.

சரக்கு ரயில் இரவில் ஓடுவதற்குக் காரணம், பகலில் பாதையைப் பயணிகள் ரயில் எடுத்துக்கொள்வதுதான். முன்பு வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சில்லைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கிவிடும். அந்தச் சில்லு தண்டவாளத்தில் உருளும் ஓசை காதைக் கிழிக்கும். 2020 டிசம்பர் முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஜெர்மனியில் தடை. புதிய கட்டை போட்ட வண்டியின் ஓசை காதுக்கு ஏறத்தாழப் பாதிதான். நான் போன காலத்து இரவுகளோடு ஒப்பிட்டால் உங்களுக்குக் கிடைத்திருப்பது எவ்வளவோ மேல். ஆனாலும் உங்கள் பாதையில் 'தடக் தடக்' என்று ஒரே தாளத்தில் ஒரு வண்டி மட்டும் போனால், அதன் சில்லில் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

குழந்தையைப் பற்றிய பயத்தை விடுங்கள். காற்றாலையால் வீட்டுக்கு வெளியே இரவில் வரக்கூடிய சத்தத்துக்கு அங்கே சட்ட வரம்பு உண்டு: பொதுவான குடியிருப்புப் பகுதியில் 40 டெசிபல், கடைகளும் வீடுகளும் கலந்த இடத்தில் 45. நாற்பது என்பது குளிர்சாதனப் பெட்டி ஓடும் சத்தம். அது பிஞ்சுக் காதைக்கூடக் கெடுக்காது. காதுக்குக் கேட்காத அதிர்வு மூளையைத் தாக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், அளந்து பார்த்த ஆய்வுகளில் வீடுகளில் கிடைத்த அளவு மனிதர் உணரும் எல்லைக்கு மிகக் கீழே இருந்தது. கெடுவது தூக்கம். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2018-இல், ரயில் சத்தம் இரவில் சராசரி 44 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்ததும் தூக்கத்தை நினைத்துத்தான்.

படுக்கையைத் தண்டவாளத்துக்கு எதிர்ப்புற அறைக்கு மாற்றுங்கள். சமையலறையும் குளியலறையும் ரயிலைப் பார்க்கட்டும். யன்னலை அடைத்தே வைத்திருந்தால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், குழந்தைக்கு இருமல் வரும்; படுக்க முன் பத்து நிமிடம் எல்லா யன்னலையும் அகலத் திறந்து காற்றை மாற்றிவிட்டுப் பூட்டுங்கள். யன்னலின் இறப்பர் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், வெடித்திருந்தால் வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். பிறகு, ஒரு சின்ன மேசை மின்விசிறி வாங்கிக் குழந்தைக்குக் காற்றுப் படாமல் சுவர்ப் பக்கம் திருப்பி மெதுவாக ஓட விடுங்கள். ஊரில் நாங்கள் எல்லோரும் மின்விசிறி இரைச்சலில்தானே தூங்கினோம்? என் மகன் அப்படித்தான் வளர்ந்தான்.

இனி நான் வற்புறுத்திச் சொல்வது. வரம்புக்கு மேல் போனால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். முறைப்பாடு செய்தால் விசாவுக்குப் பிரச்சினை வரும் என்று நம் ஆட்கள் பயப்படுவதை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். சத்தத்தைப் பற்றி எழுதுவதற்கும் விசாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்கள் காற்றாலைகளில் ஒன்று ஓர் இலையுதிர் காலத்தில் விசில் அடிக்கத் தொடங்கியது. ஒரு கொப்பியில் மூன்று கிழமை எழுதினேன்: தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், யன்னல் திறந்ததா பூட்டியதா, என்ன மாதிரி ஓசை. அதை மாவட்ட நிர்வாகத்தின் சுற்றுச்சூழல் பிரிவுக்கு அனுப்பினேன். இறக்கையின் நுனியில் சேதம் இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். கொப்பி இல்லாமல் வெறும் "தூங்க முடியவில்லை" என்று எழுதியிருந்தால் யாரும் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ரயிலுக்கு இந்த வழி பொருந்தாது. சத்தத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் கட்டாயப்படுத்துவது புதிதாகப் போடும் அல்லது பெரிதாக மாற்றும் பாதையைத்தான். பழைய பாதைகளுக்கு 1999 முதல் மத்திய அரசின் நிதித் திட்டம் ஒன்று இருக்கிறது: பாதையோரம் ஒலித்தடுப்பு மதில், வீடுகளுக்குச் சத்தம் தடுக்கும் யன்னல். தகுதியான வீடென்றால் யன்னல் செலவில் 75 வீதம் அரசு தரும். விண்ணப்பம் வீட்டுக்காரருடையது, நினைவுபடுத்துவது உங்கள் வேலை. வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது பெரும்பாலும் சரிவராது, நீங்கள் ஒப்பந்தம் எழுதும்போதே தண்டவாளம் அங்கே இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் முடியவில்லை என்றால் மாறுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. மூன்று மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டைப் பகலில் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை அந்த வீதியில் நடந்து பாருங்கள், பக்கத்து வீட்டுக் கிழவியிடம் கேளுங்கள். நான் முதல் வீட்டை ஒரு ஞாயிறு மதியத்தில் பார்த்து எடுத்தேன்.

ஹம் கோயில் தேர்த் திருவிழாவுக்கு முன் நான் திரும்பிவிடுவேன். ஹம் காமாட்சி அம்மன் கோயிலுக்குக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இன்றிரவு முதல் நீங்கள் எழுதத் தொடங்கும் கொப்பியையும் எடுத்து வாருங்கள். நிர்வாகத்துக்கான ஜெர்மன் கடிதத்தைப் பந்தலில் இருந்தே இருவரும் எழுதிவிடலாம்.