விறைப்பு பொருந்துகிறது, முறிவு பொருந்தவில்லையே?

கேள்வி: கண்ணாடி இழை, எப்பாக்ஸி பிசின் சேர்ந்த தகட்டுக்குப் பன்மட்ட மாதிரி (நுண்மட்டத்தில் கணக்கிட்டு மேல்மட்டத்துக்கு ஏற்றும் கணினி மாதிரி) அமைத்தேன். நுண்மட்டத்தில் ஒரு சிறு சதுரம் எடுத்து, அதில் கிடைத்த பண்புகளை முழுத் தகட்டுக்கு ஏற்றினேன். விறைப்பு சோதனையோடு பொருந்துகிறது. இழைக்குக் குறுக்கே இழுத்தால் முறியும் பளு மட்டும் மிக அதிகமாக வருகிறது. எங்கே தவறு?

பதில்: விறைப்பு ஒரு சராசரி. இழையின் மீள்குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) 72 கிகாபாஸ்கல், பிசினுடையது 3, இழைப் பங்கு 60 சதவீதம் என்றால், இழைத் திசையில் எளிய கலப்பு விதியே சுமார் 44 என்று சொல்லிவிடும். இழைகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அந்த எண் அசையாது. முறிவு அப்படியல்ல. அதற்கு ஒரே ஓர் இடம் பலவீனமாக இருந்தால் போதும்.

உங்கள் சதுரத்தில் இழைகள் அணிவகுப்புப் போலச் சம இடைவெளியில் நிற்கின்றன என்று ஊகிக்கிறேன். நிஜத் தகட்டை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வையுங்கள். பத்துப் பதினைந்து மைக்ரான் தடிமனுள்ள இழைகள் ஓரிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். இன்னோரிடத்தில் பிசின் குட்டையாகத் தேங்கியிருக்கும். நெருங்கிய இரண்டு இழைகளுக்கு நடுவே சிக்கிய மெல்லிய பிசினைக் கவனியுங்கள். இழைகள் நீண்டு கொடுப்பதில்லை. திரிபு, அதாவது நீட்சி, முழுவதும் அந்த மெல்லிய பிசின் சவ்வின் தலையில் விழுகிறது. பிசின் இழையை விட்டு முதலில் உரிவது அங்கேதான். அடுத்தடுத்த உரிவுகள் கைகோத்தால் குறுக்கு விரிசல் தயார்.

எனவே இழைகளை ஒழுங்கின்றி அடுக்குங்கள். ஒன்றல்ல, பல மாதிரிகளை ஓட்டுங்கள். இழையும் பிசினும் ஒட்டும் இடைமுகத்துக்குத் தனி வலிமையும் முறிவு ஆற்றலும் (விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றல்) கொடுங்கள். பலரும் மறப்பது குளிர்ச்சியை. 120 டிகிரியில் இறுகிய பிசின் 20 டிகிரிக்கு வரும்போது ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கப் பார்க்கும். கண்ணாடி அதில் பத்தில் ஒரு பங்குதான் சுருங்கும். நீங்கள் இழுக்கத் தொடங்கும் முன்பே உள்ளே இழுபறி நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. விரிசல் விழுந்தபின் சராசரி எடுப்பதில் பொருளில்லை. சதுரம் பெரிதாகப் பெரிதாகத் தகைவு-திரிபு வரைகோடு (பரப்பலகுக்கு விழும் விசைக்கு எவ்வளவு நீட்சி என்று காட்டுவது) நொறுங்கும் தன்மையைக் காட்டும். அந்த வரைகோட்டை அப்படியே மேல்மட்டத்துக்கு ஏற்றினால் விடை வலைக்கண்ணின் (கணிப்புக்காகத் தகட்டைப் பிரிக்கும் சிறு கட்டத்தின்) அளவுக்கேற்ப ஆடும். ஏற்ற வேண்டியது முறிவு ஆற்றலை. அதை வலைக்கண்ணின் அளவோடு பொருத்த வேண்டும். 1983-ல் பாசான்ட், ஓ என்ற இரு ஆய்வாளர்கள் கான்கிரீட்டுக்காக வகுத்த விரிசல் பட்டை முறை (விரிசலை ஒரு வலைக்கண் அகலத்துக்குப் பரப்பிக் கணக்கிடுவது) இதற்கு இன்றும் கைகொடுக்கிறது.

இடைமுக வலிமையை நேரடியாக அளப்பது கடினம்; குறுக்கு இழுவிசைச் சோதனைக்கு ஏற்றபடி அதை நீங்கள் சரிக்கட்டத்தான் போகிறீர்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் தளச் சறுக்குச் சோதனை (தகட்டின் தளத்திலேயே சறுக்க வைக்கும் விசை கொடுப்பது) முடிவை மாதிரிக்குக் காட்டாமல் ஒதுக்கி வையுங்கள். சரிக்கட்டிய அதே எண்ணோடு அதைக் கணித்துப் பாருங்கள். அங்கே தவறினால், இழைகளின் அடுக்கிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.