டிவிடி இடத்தில் எஸ்எஸ்டி: வேகம் ஏன் கூடவில்லை?

டிவிடி டிரைவைக் கழற்றி அங்கே எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, வேகமான சேமிப்பகம்) பொருத்தியும், மடிக்கணினி முன்போலவே மெதுவாகத் திறக்கிறது என்கிறீர்கள். விண்டோஸ் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்கில்தானே இருக்கிறது? பிறகு எப்படி வேகம் வரும்! எஸ்எஸ்டி வெறும் கிடங்காக நிற்கிறது.

இரண்டையும் இடம் மாற்றுங்கள். பல பழைய மடிக்கணினிகளில் டிவிடி இணைப்பு சாட்டா 2 தான், அதாவது டிரைவுகளை இணைக்கும் சாட்டா தடத்தின் பழைய தலைமுறை. நொடிக்கு 300 மெகாபைட்டைத் தாண்டாது. ஹார்ட் டிஸ்க் அதில் பாதியைக்கூட எட்டாது என்பதால் அங்கே போனாலும் அதற்கு நஷ்டமில்லை. ஹார்ட் டிஸ்க் இருந்த முதன்மை இடம் அடுத்த தலைமுறையான சாட்டா 3 ஆக இருந்தால் எஸ்எஸ்டி 550 வரை போகும். எஸ்எஸ்டி 7 மி.மீ. தடிமன்தான், 9.5 மி.மீ. இடத்தில் ஆடினால் சட்டம் வைத்து இறுக்குங்கள்.

முக்கியக் கோப்புகளை வெளியே நகலெடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். பழைய டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் குளோன் முறையைவிட அதுவே எனக்குப் பிடித்த வழி. பழைய குப்பையும் ஒழியும். நிறுவும்போது ஹார்ட் டிஸ்கைக் கழற்றியே வையுங்கள். இல்லையென்றால் விண்டோஸைத் தொடக்கும் பூட் கோப்புகள் அதில் போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும், பிறகு அதைக் கழற்றும் நாளில் கணினி திறக்காது. கணினி திறந்ததும் முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில், சாட்டா டிரைவுகளை முழுத் திறனில் இயக்கும் ஏஎச்சிஐ முறை இயங்குகிறதா என்பதை நிறுவும் முன்பே பார்த்துவிடுங்கள்.