ரத்தத்தைப் பற்றி யோசிக்கிற பிள்ளை டாக்டராகத்தான் ஆக வேண்டுமா?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள் அரசு பெண்கள் பள்ளியில் படித்து ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். நீட் இரண்டு முறை எழுதிவிட்டாள். 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டிலும் இடம் வரவில்லை. மூன்றாவது முறைக்கு விடுதியோடு சேர்ந்த கோச்சிங்கில் போடலாமா, இல்லை உங்கள் அண்ணன் சொல்வது போல வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்க அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். நடுவில் ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கோச்சிங்கில் இருந்தபோது மயங்கி விழுந்தாள், ஹீமோகுளோபின் 8.6 இருந்தது, மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து இரும்புச்சத்தைப் பற்றியே ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறாள். “இவ்வளவு ஆர்வம் இருக்கிற பிள்ளையை டாக்டராக்காமல் விட்டால் பாவமில்லையா?”

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதுவது எனக்குச் சுலபம். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. மூன்றாவது நீட்டும் வேண்டாம், பத்திரமும் வெளியே போக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். அவள் எழுதியிருக்கும் கேள்விகள் மூன்று. மாத்திரையை ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார்கள்? ஹீமோகுளோபின் பார்த்த பிறகும் ஃபெரிட்டின் என்று இன்னொரு பரிசோதனை எதற்கு? உடம்பில் இரும்பு அதிகமானால் அது எந்த வழியாக வெளியே போகும்? நோயாளிக்கு என்ன மருந்து எழுதுவது என்று அவள் எங்கேயும் கேட்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அம்மா, இவை உயிர்வேதியியல் படிக்கிறவர்களின் கேள்விகள்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், மற்ற இரண்டும் அதில்தான் தொங்குகின்றன. வளர்ந்த மனித உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களில், ஹீமோகுளோபினாக. புதிய சிவப்பணு செய்ய எலும்பு மஜ்ஜைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆனால் சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது நாளுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம். மீதி எல்லாம் பழைய சரக்கு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து முடித்ததும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் பெருவிழுங்கு செல்கள் அதை விழுங்கி, இரும்பைப் பிரித்துத் திரும்ப ரத்தத்துக்கு அனுப்புகின்றன. அதிகமான இரும்பைத் தேவைக்கேற்ப வெளியேற்ற மனித உடம்பில் ஒரு வழியும் இல்லை. உதிரும் குடல் செல்கள், உதிரும் தோல், பெண்களுக்கு மாதவிடாய் என்று கசிவதுதான். ஆகையால் எவ்வளவு உள்ளே விடுவது என்பதில்தான் முழுக் கட்டுப்பாடும் இருக்கிறது.

அந்தக் கட்டுப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியில் நடக்கிறது. கீரையிலும் கேழ்வரகிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை முதலில் ஒரு நொதி வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி இதற்குத் துணை. சாப்பாட்டோடு குடிக்கும் டீ தடை. பிறகு டிஎம்டி-1 என்ற புரதம் இரும்பைக் குடல் செல்லுக்குள் எடுத்துச் செல்கிறது. அங்கே இரும்பு ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்தில் அடைந்து கிடக்கலாம், அல்லது ஃபெரோபோர்ட்டின் என்ற புரதத்தின் வழியாக ரத்தத்தில் இறங்கலாம். அடைந்தே கிடந்தால் சில நாளில் அந்தச் செல் உதிரும்போது இரும்பும் மலத்தோடு போய்விடும். ரத்தத்தில் இறங்கினால் டிரான்ஸ்ஃபெரின் என்ற சுமக்கும் புரதம் அதை ஏற்றிக்கொள்கிறது. ஒரு டிரான்ஸ்ஃபெரினுக்கு இரண்டே இரும்பு அணுக்கள்தான்.

ஃபெரோபோர்ட்டினை ஏரி மதகு என்று வைத்துக்கொண்டால், அதைத் திறந்து மூடும் அதிகாரம் கல்லீரலிடம் இருக்கிறது. கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒரு சிறிய ஹார்மோனைச் சுரக்கிறது. வெறும் 25 அமினோ அமிலங்கள் கோத்தது. இருப்பில் இரும்பு நிறைந்திருந்தால் ஹெப்சிடின் ஏறும். அது ஃபெரோபோர்ட்டினோடு ஒட்டி, அதைச் செல்லுக்குள் இழுத்து அழித்துவிடும். வரத்து நிற்கும். இரும்பு குறைந்தாலோ மஜ்ஜை வேகமாக ரத்தம் செய்ய வேண்டியிருந்தாலோ ஹெப்சிடின் இறங்கும், வரத்து கூடும்.

உங்கள் மகளின் முதல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஒரு இரும்பு மாத்திரை போட்டாலே ஹெப்சிடின் ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் அப்படியே நிற்கிறது. மறுநாள் போடும் மாத்திரையில் குடல் எடுத்துக்கொள்ளும் பங்கு குறைந்துவிடுகிறது. இரும்பு குறைந்த இளம்பெண்களை வைத்து ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் ஆய்வாளர்கள் 2017-இல் இதைக் காட்டினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது உறிஞ்சப்பட்ட பங்கு கூடியிருந்தது. ஃபெரிட்டின் விஷயம் இன்னும் நுட்பம். ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே இருப்பு காலியாகத் தொடங்கும். ரத்தத்தில் ஃபெரிட்டின் எவ்வளவு என்பது அந்த இருப்பைக் காட்டும். ஆனால் காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், ஹெப்சிடினும் உயரும். அப்போது உடம்பில் இரும்பு இருந்தும் ரத்தத்துக்கு வந்து சேராது. ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவில் கதை தலைகீழ். ரத்தசோகையும் இருக்கும், ஹெப்சிடினும் தாழ்ந்திருக்கும், குடல் இரும்பை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரையை அடுக்கினால் கல்லீரலும் இதயமும் கெடும்.

இவ்வளவு விவரம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஹெப்சிடின் ஃபெரோபோர்ட்டினை அழிக்கிறது என்று 2004-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் எலிசபெட்டா நெமெத். அவர் நோயாளி பார்க்கும் மருத்துவர் இல்லை, முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவிலேயே பேராசிரியராக இருக்கிறார். உங்கள் மகள் நோட்டில் எழுதிய கேள்விக்கு மருத்துவப் பட்டம் இல்லாத ஒரு பெண் பதில் கண்டுபிடித்தார் என்பதை உங்கள் அண்ணனுக்கும் சொல்லுங்கள்.

ரத்தசோகை நம் வீட்டு விஷயமும்கூட. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாராவாரம் கொடுத்த நீல நிற மாத்திரையை உங்கள் மகளும் வாங்கியிருப்பாள். அதைக் கொடுத்தும் ஏன் இன்னும் பாதிப் பேருக்கு மேல் சோகை என்று கேட்டு வேலை செய்ய ஆள் வேண்டும்.

இப்போது வழியைச் சொல்கிறேன். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள ஒரு கல்லூரியில் பிஎஸ்சி உயிர்வேதியியல். முதலில் அரசுக் கல்லூரியில் பாருங்கள், அங்கே கட்டணம் தனியார் எம்பிபிஎஸ் படிப்பின் ஒரு மாத விடுதிச் செலவுக்குக்கூட வராது. இடம் இல்லையென்றால் அரசு உதவிபெறும் கல்லூரி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். உயிர்வேதியியல் கிடைக்காவிட்டால் வேதியியலோ விலங்கியலோ எடுத்து, எம்எஸ்சியில் மாறிக்கொள்ளவும் வழி உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிஎஸ்சியோடு நிறுத்தினால் சம்பளம் சொல்லும்படி இருக்காது. எம்எஸ்சி கட்டாயம். அதற்கு மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு. அதன் பயோடெக்னாலஜி தாளை எழுதினால் ஐஐடிகளுக்குக் கதவு திறக்கும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முனைவர் பட்டத்தோடு இணைந்த படிப்புக்கும் அதே தேர்வுதான். நீட்டுக்கு இரண்டு வருடம் உயிரியலையும் வேதியியலையும் கரைத்துக் குடித்த பிள்ளை, அந்த உழைப்பு இங்கே அப்படியே காசாகும். எம்எஸ்சிக்குப் பிறகு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. படிக்கிற காலத்தில் வீட்டிலிருந்து பணம் போகாது, அவளுக்குப் பணம் வரும். அண்ணனுக்கு இந்தக் கணக்கையும் காட்டுங்கள்.

வேலை எங்கே என்று கேட்பார்கள். வேலூரிலேயே ஆரம்பிக்கிறேன். சிஎம்சியை ஊரில் எல்லோரும் டாக்டர் பார்க்கிற இடமாகத்தான் பார்க்கிறார்கள். அதே சிஎம்சியின் உயிர்வேதியியல் துறையிலிருந்து உடம்பில் இரும்பு ஒழுங்குபடும் விதத்தைப் பற்றியே ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. பாகாயம் வளாகத்தில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. ரத்த நோய்களுக்கு மரபணு சிகிச்சை உருவாக்கும் அந்த வேலையில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார்கள். ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பின் தொழில்நுட்பம் அங்கே உருவானதுதான். காட்பாடியில் ஏறினால் காலையிலேயே பெங்களூரு, அங்கே உயிரி மருந்து நிறுவனங்களும் பரிசோதனைக் கிட் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் எம்எஸ்சியும் பிஎட்டும் இருந்தால் பள்ளி ஆசிரியர் வேலைக்கு முயலலாம்.

வெளிநாட்டு எம்பிபிஎஸ் பற்றி இரண்டே வரி. திரும்பி வந்து எழுத வேண்டிய தகுதித் தேர்வில் பெரும்பாலோர் தேறுவதில்லை. தேறிய பிறகும் இங்கே பயிற்சிக் காலம் முடிக்க வேண்டும், அதுவரை வட்டி ஓடும். கைலி நெய்து கட்டிய வீடு அது. தாய்மாமன் பாசத்தில் சொல்கிறார், அதை மதிக்கிறேன். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர் இல்லை.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டாம் முறை மதிப்பெண் ஏறாததற்கு ‘படிப்பில் கவனமில்லை’ என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. ஹீமோகுளோபின் 8.6-இல் இருக்கிற பிள்ளைக்குச் சோர்வும் கவனக்குறைவும் வரும், அது சோம்பல் இல்லை. முதலில் அந்தச் சிகிச்சையை டாக்டர் சொன்ன காலம் வரை முடியுங்கள். ஹீமோகுளோபின் ஏறியவுடன் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இருப்பு நிறைய இன்னும் சில மாதம் ஆகும். மாத்திரை போடும் நேரத்தில் டீ, பால் வேண்டாம்.

அவளிடம் நேராகக் கேளுங்கள்: ‘நோயாளியைப் பார்க்க ஆசையா, இந்த இரும்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையா?’ மாமா இல்லாத நேரத்தில் கேளுங்கள். டாக்டர்தான் வேண்டும் என்று அவளே சொன்னால் என்னிடம் கூட்டி வாருங்கள், வேறு மாதிரி பேசலாம். இல்லையென்றால் இந்த வாரமே அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று மூன்றையும் கையில் வைத்திருங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு, நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இளநிலை மாணவர்களும் போடலாம், தேர்வானால் உதவித்தொகையோடு ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் இருக்கலாம். விண்ணப்பத்தில் ஆய்வு செய்ய விரும்பும் விஷயத்தைப் பற்றி எழுதச் சொல்வார்கள். அவள் நோட்டில் இருக்கும் மூன்று கேள்விகளையே எழுதட்டும்.