வாசகர் கேள்வி: அகல்விளக்குப் படமும் இரண்டு மென்பொருள்களும்

கேள்வி: கார்த்திகை தீபத்தன்று வாசலில் ஏற்றிய அகல்விளக்குகளை ரா கோப்பாக (கேமராவின் சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) படம் எடுத்தேன். கேமரா திரையில் பளிச்சென்று இருந்த படம், கணினியில், ரா கோப்புகளைத் திருத்தும் மென்பொருளான டார்க்டேபிளில் திறந்ததும் சோகை பிடித்ததுபோல் வெளிறிவிட்டது. ஒருவழியாகச் சரிசெய்து, கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒரு மின்கம்பியை அழித்து, கைப்பேசியில் உறவினர்களுக்கு அனுப்பினால் நிறம் மறுபடியும் மங்குகிறது. எந்த வேலையை எதில் செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் படம் கெடவில்லை. கேமரா திரையில் நீங்கள் பார்த்தது, ரா கோப்புக்குள் பொதிந்திருக்கும் சிறிய ஜேபெக் படம். அதில் நிறத்தையும் கூர்மையையும் கேமராவே தன் போக்கில் ஏற்றியிருக்கும். டார்க்டேபிளோ சென்சார் அளந்த எண்களிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது.

14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 16,384 படிகள் உண்டு, ஜேபெக்கில் 256தான். ஆகவே ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறச் சாய்வைச் சரிசெய்வது), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), இருட்டில் தெரியும் புள்ளி இரைச்சலைக் குறைப்பது ஆகிய அனைத்தையும், படிகள் தாராளமாக இருக்கும் டார்க்டேபிளிலேயே முடித்துவிடுங்கள். சுடரின் நடுவில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுமே உச்சத்தைத் தொட்டிருந்தால் அங்கே மீட்பதற்கு எதுவும் இல்லை. வலிந்து இருட்டாக்கினால் சுடர் சாம்பல் நிறக் காகிதத் துண்டுபோல் ஆகிவிடும். சிவப்பு மட்டும் நிரம்பிய ஓரங்களை ஓரளவு மீட்கலாம். ஒயிட் பேலன்ஸைத் திருத்தும்போது மஞ்சளை முழுவதும் துடைத்துவிடாதீர்கள். எண்ணெய் விளக்கின் ஒளி வெள்ளையாக இருந்தால் டியூப்லைட்டில் எடுத்த படமென்றே தோன்றும்.

அடுத்து, கிம்ப்புக்குப் படத்தை 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகக் கொடுங்கள். 2018இல் வந்த 2.10 பதிப்பு முதல் கிம்ப் அதைக் குறைக்காமலே கையாளுகிறது. (ஒரே ஒரு கம்பிதான் என்றால் டார்க்டேபிளின் ரீடச் பகுதியே போதும், கிம்ப் தேவையில்லை.) வானத்தின் மேல் செல்லும் கம்பியை, சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மறைக்கும் ஹீல் கருவி சுத்தமாக அழித்துவிடும், ஆனால் கம்பி ஓட்டுக்கூரையின் விளிம்பைக் கடக்கும் இடத்தில் அதே கருவி வானத்தையும் ஓட்டையும் குழைத்து அழுக்குத் திட்டாக்கும். அங்கே, ஒரு பகுதியை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் கருவியை எடுத்து, அதே விளிம்பில் சற்றுத் தள்ளியுள்ள பகுதியை மாதிரியாக வைத்து, விளிம்பு நேராகத் தொடரும்படி சிறிது சிறிதாக ஒற்றுங்கள்.

கடைசியில் நிறம் மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், படம் அடோபி ஆர்ஜிபி போன்ற அகன்ற நிறவெளியில் (எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கும் என்ற வரையறை) சேமிக்கப்பட்டிருப்பதும், எந்த நிறவெளி என்று படத்தோடு சேர்ந்திருக்கும் நிறக்குறிப்பைப் படிக்காத செயலிகள், எண்களை வழக்கமான, குறுகிய நிறவெளியான எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்வதும்தான். ஆகவே அனுப்பும் பிரதியை மட்டும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். கிம்ப்பில் நிறக்குறிப்பைச் சூட்டுவதற்கு ஒரு கட்டளை, அதற்கேற்ப நிறத்தை மாற்றுவதற்கு வேறொரு கட்டளை. முன்னது பெயரை மட்டும் மாற்றும், பின்னதுதான் எண்களை மாற்றும். உங்களுக்கு வேண்டியது பின்னது. அளவைக் குறைத்த பிறகே கூர்மை ஏற்றுங்கள். டார்க்டேபிளிலும் கிம்ப்பிலும் இரு முறை ஏற்றினால் விளக்கைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் படம் மேலும் சுருங்காது.

மூல ரா கோப்பை டார்க்டேபிள் தொடுவதே இல்லை. உங்கள் திருத்தங்கள் எக்ஸ்எம்பி என முடியும் சிறு கோப்பில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்திருங்கள்.